இஞ்ச் டேப் சொன்னதும் பஞ்ச் பேக் செய்ததும்

ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ஒரு பெண்ணின் வயது முகத்தில் தெரியாது, கையில் தெரியும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பின்பக்கத்துச் சதையில். நாற்பதைத் தாண்டி என் கடைக்கு வருகிறவர்களில் "அக்கா, கைய மட்டும் கொஞ்சம் லூசா வைங்க" என்று சொல்லாமல் போகிறவர்கள் குறைவு. அதற்காகவே உள்ளே ஒரு இஞ்ச் துணி மடித்து விட்டுத் தைப்பேன். அடுத்த தீபாவளிக்குள் பிரித்துவிடச் சொல்லி அதே ஜாக்கெட் திரும்பி வரும். நான் மட்டும் என்ன, என் கைச்சுற்றளவும் 13.5 இஞ்சைத் தொட்டிருந்தது.

கடைக்குப் பின்னால் பாக்ஸிங் பயிற்சிக்குக் குத்துகிற பஞ்ச் பேக் தொங்குவது தெரிந்ததிலிருந்து, அளவு கொடுக்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "குத்துனா கை மெலிஞ்சிருமா?" கைக்கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது என்று சொன்னால் முகம் வாடிவிடுகிறது. ஆனால் உண்மை அதுதான். எந்த இடத்துக்கு வேலை கொடுக்கிறோமோ அங்கிருந்துதான் கொழுப்பை எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் உடம்புக்குக் கிடையாது. எங்கிருந்து எடுப்பது என்று அதுவே தீர்மானிக்கும். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் விடாமல் குத்தினால் செலவாவது ஏறக்குறைய 400 கலோரி. யாரும் ஒரு மணி நேரம் விடாமல் குத்துவதில்லை. என் கணக்கில் ஒரு வேளைக்கு 12 நிமிடம்தான் சுத்தமான குத்து. அதற்கு 80 கலோரி. பக்கத்துப் பிரானூர் பார்டர் கடையில் ஒரு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினால் 80 எங்கே போச்சு என்று தேட வேண்டியதுதான். பிறகு எதற்குக் குத்துகிறேன் என்றால், அதற்குப் பதில் கொஞ்சம் நீளம்.

கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்திலிருந்து சுடிதார் தைக்க எங்கள் ஊர் செங்கோட்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்த ஒருவர் அங்கே பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. காலேஜில் பாக்ஸிங் போட்டவர். கண்ணூர்க்காரி கே.சி.லேகா 2006இல் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில் 75 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினாரே, அதைப் பார்த்துக் கையுறை மாட்டிய கூட்டத்தில் இவரும் ஒருவர். நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அளவு எடுப்பதைப் பார்த்துவிட்டு, "சேச்சி, தோள் ரெண்டும் இங்ஙனே முன்னாடி விழுந்து கிடந்தா கழுத்து வேதனிக்காம என்ன செய்யும்?" என்றார். பேச்சு அப்படியே வளர்ந்து, அவருக்கு நான் தைப்பது, எனக்கு அவர் சொல்லித் தருவது என்று முடிவானது. இன்றுவரை காசு கை மாறியதில்லை.

பேக் மாட்டுகிற இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. 1956 நவம்பர் வரை இந்த ஊர் திருவிதாங்கூரில் இருந்தது; அந்தக் காலத்துக் கட்டு, தேக்கு உத்தரம். வீட்டில் எல்லாரும் உத்தரத்தைக் காட்டினார்கள். ஆசாரி வந்து உளிக்கட்டையால் தட்டிப் பார்த்துவிட்டு, "உத்தரம் தாங்கும்மா, ஓடு தாங்காது. நீங்க குத்தக் குத்த மேல ஓடு நகரும். சாரல்ல அடுக்களைக்குள்ள தண்ணி நிக்கும்" என்றார். தொங்குகிற 30 கிலோ ஒரு கணக்கு. ஆடுகிற 30 கிலோ வேறு கணக்கு. ஓட்டு வீட்டுக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கடைக்குப் பின்னால் கான்கிரீட் போட்ட வேலைப் புரையில் இடம் பிடித்தோம். அங்கேயும் தளத்தின் நடுவில் மாட்டவில்லை, பீமில் மாட்டினோம். வெல்டிங் பட்டறையில் கனத்த இரும்புத் தகடு ஒன்றில் வளையம் பற்ற வைத்து, நான்கு 12 மில்லி ஆங்கர் போல்ட்டில் ஏற்றினார்கள். வளையத்துக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு ஸ்பிரிங். இது இருந்தால் அதிர்வு பீமுக்கு அப்படியே போகாது, சத்தமும் அடங்கும். செங்கல் சுவரில் மாட்டுகிற பிராக்கெட் பார்க்கச் சுலபம். ஆட்டத்தில் போல்ட் துளை பெருத்துக்கொண்டே போகும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தரையில் நிற்கிற ஸ்டாண்டு வாங்கி, அடியில் மணல் மூட்டை அடுக்கிக்கொள்வது நல்லது. பேக்கைச் சுற்றி நான்கு பக்கமும் கால் நகர்த்த இடம் வேண்டும். சுவரோடு ஒட்டி மாட்டினால் ஒரே பக்கம் நின்று குத்தி ஒரே தோள்தான் வளரும்.

கடையில் விற்பது பெரும்பாலும் காலி உறைதான். நிரப்புவது நம் பாடு. எனக்கு அதில் யோகம். கடையில் வெட்டுத்துண்டு மூட்டை மூட்டையாய்க் கிடக்கிறது. தையல் தொழிலில் இல்லாதவர்கள் தெருவில் உள்ள டெய்லரிடம் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், இடம் காலியானால் போதுமென்று. பட்டன், கொக்கி, ஜிப் எல்லாவற்றையும் கத்தரித்து எடுத்துவிட வேண்டும். சேலைத்துணி வழுக்கி வழுக்கி அடியில் இறங்கும், பருத்தி பிடித்து நிற்கும். ரெண்டும் கலந்து போடுங்கள். ஒரு சாண் உயரத்துக்குத் துணி போடுவது, உலக்கையால் இடிப்பது, மறுபடி போடுவது. எங்கள் அத்தை அவல் இடித்த உலக்கையைத்தான் எடுத்தேன். அதற்கு ஒரு நாள் முழுக்கப் பேச்சு வாங்கினேன். நடுவில் கனத்துக்காக, பழைய பேன்ட் காலில் மணலைக் கட்டி, அதைத் துணி சுற்றிச் சுற்றி உருளையாக்கி நிறுத்தினேன். சுற்றிலும் துணி, கை படுகிற இடத்தில் மணல் வரவே கூடாது. பேக்கின் எடை நம் எடையில் ஏறக்குறையப் பாதி இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. பக்கத்து அரிசிக் கடைத் தராசில் நிறுத்தேன், 29 கிலோ. முதல் மாதம் துணி அமுங்கி மேலே காலியாகும். திறந்து திரும்ப இடித்து நிரப்ப வேண்டும்.

முழுக்க மணல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மணல் நாளாக நாளாக அடியில் இறங்கி இறுகிவிடும், மேலே தொளதொளவென்று கிடக்கும். மரத்தூள் எங்கள் ஊருக்கு ஆகவே ஆகாது. ஜூன் தொடங்கி சாரல் இருக்கும் வரை காற்றிலேயே ஈரம். தூள் அதைக் குடித்துக் கட்டிதட்டிப் போகும். உறையும் அப்படித்தான். தோல் உறை பார்க்க கம்பீரம், சாரலில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் பச்சைப் பூசணம். ரெக்சின் போதும், ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது.

என் மைனி மகன், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, சிநேகிதன் வீட்டு மணல் பேக்கில் வெறுங்கையால் நான்கு குத்து விட்டான். போட்டிக்கு யார் பலமாக அடிப்பது என்று பேச்சாம். சுண்டு விரல் மொளி, அதாவது முஷ்டி பிடித்தால் துருத்தும் முட்டு, உள்ளே இறங்கிப் போயிற்று. உள்ளங்கை எலும்பில் விரிசல் என்று தென்காசியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். கட்டோடு வந்தவனை டீச்சர் திட்டவில்லை, முஷ்டியைப் பிடித்துக் காட்டச் சொன்னார். நல்ல கையால் காட்டினான். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. "அடுத்த தடவை இதும் போகும்" என்றார்.

கட்டைவிரல் வெளியே, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் குறுக்கே படுத்திருக்க வேண்டும். பேக்கில் படுவது அந்த இரண்டு விரல்களின் மொளிதான். அவை இரண்டும் மணிக்கட்டுக்கு நேர்கோட்டில் நிற்பதால் வேகம் முன்னங்கை வழியே போய்ச் சேரும். சுண்டு விரல் பக்கம் அந்தத் தாங்கல் இல்லை. மருத்துவர்கள் அந்த முறிவுக்கே பாக்ஸர் முறிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மணிக்கட்டு மேலேயும் மடங்காமல் கீழேயும் தொங்காமல் நேராக நிற்க வேண்டும். அதற்குத்தான் கையுறைக்குள் கட்டும் துணி. கடையில் ஹேண்ட் ராப் என்று கேட்டால் 180 இஞ்ச், அதாவது நாலரை மீட்டர் நீளத்தில் கிடைக்கும். நான் இரண்டு இஞ்ச் அகலப் பருத்தி நாடாவில் ஒரு முனையில் கட்டைவிரலுக்கு வளையமும் மறுமுனையில் வெல்க்ரோவும் வைத்துத் தைத்துக்கொண்டேன். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டிப் புறங்கை வழியாகக் கொண்டுவந்து மணிக்கட்டில் மூன்று சுற்று, மொளி மேல் மூன்று சுற்று, விரலிடுக்குகளில் ஒவ்வொரு தடவை, மிச்சம் மறுபடி மணிக்கட்டில். சுற்றும்போது விரல்களை விரித்து வைத்திருங்கள். மூடிக்கொண்டு சுற்றினால் முஷ்டி பிடிக்கும்போது இறுகி விரல் நீலமாகும். கையுறை 12 அவுன்ஸ், ஒன்று 340 கிராம். முதலில் இது என்ன கனம் என்று தோன்றும். இரண்டு நிமிடம் கையைத் தாடைக்குப் பக்கத்தில் தூக்கி வைத்திருப்பதே தோளுக்கு ஒரு வேலை.

உடையைப் பற்றி ஆண்கள் யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். நைட்டியோடு ஆகாது, இடுப்பு திரும்புவதே தெரியாமல் போகும், காலும் தடுக்கும். பழைய சுடிதார் பேன்ட், டீ-ஷர்ட், நல்ல இறுக்கமான ஸ்போர்ட்ஸ் பிரா. வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்ளே போட்டுப் பின் குத்திக்கொள்ளுங்கள். வெளியே தொங்கினால் உதட்டில் வந்து அடிக்கும்.

இனி குத்து. டீச்சர் முதல் சில வாரங்கள் கையைப் பற்றிப் பேசவே இல்லை, முழுக்கக் காலைப் பற்றித்தான். இடது கால் முன்னே, வலது கால் ஒரு எட்டு பின்னே கொஞ்சம் விலகி, பின்கால் குதிகால் தரையிலிருந்து லேசாகத் தூக்கி, முழங்கால் விறைக்காமல். இடக்கைக்காரர்களுக்கு மாற்றி. முன்கையால் நேராகக் கொடுப்பது ஜாப். பின்கையால் கொடுப்பது கிராஸ். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டே பல மாதம் ஓட்டலாம். ஹூக், அப்பர்கட் எல்லாம் பிறகு.

கிராஸில்தான் விஷயம் இருக்கிறது. பின்கால் நுனி சிகரெட்டை நசுக்குவது போல் திரும்ப வேண்டும், இடுப்பு அதோடு திரும்ப வேண்டும், தோள் அதற்கப்புறம், கை கடைசியில். மிதி மெஷினில் உட்கார்ந்து பழகியவளுக்கு இதைப் புரிய வைக்க டீச்சருக்கு நேரம் பிடிக்கவில்லை; கால் மிதித்தால்தான் ஊசி இறங்கும், சக்கரத்தைக் கையால் தள்ளினால் தையல் ஓடாது. கையை மட்டும் நீட்டி அடிக்கும்போது பேக் ஊஞ்சலாடும், நமக்கும் மூச்சு வாங்கும், தோள் மட்டும் நோகும். காலிலிருந்து வந்த குத்து விழுந்தால் பேக் பெரிதாக நகராது, நடுவில் குழிந்து 'டப்' என்று சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் பழகினேன். குத்தின கை அங்கேயே நிற்காமல் வந்த வழியே தாடைக்குத் திரும்ப வேண்டும். முழங்கையைக் கடைசி வரை விறைத்து நீட்டக் கூடாது, மூட்டு கெடும். ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கில் 'ஸ்' என்று மூச்சை விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்தினால் இரத்த அழுத்தம் ஏறும், இது பிரஷர் இருப்பவர்களுக்கு முக்கியம்.

இந்த 'ஸ்', 'டப்' சத்தம் சுற்றுச்சுவரைத் தாண்டியதும் தெரு பேச ஆரம்பித்தது. எங்கள் அத்தையே முதல் வாரம் வாசற்படியில் நின்று, "ஏட்டி, எம் மவன் மேல கோவம்னா நேரா சொல்லிரு. அந்த மூட்டைய எதுக்கு இந்தச் சாத்து சாத்துதே?" என்று கேட்டார்கள். அவர்கள் மகன் உள்ளேயிருந்து சத்தம் காட்டவில்லை.

வாரத்துக்கு மூன்று நாள், ஒன்று விட்டு ஒரு நாள். முதலில் ஐந்தாறு நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம், தோள் சுழற்றல், பேக் இல்லாமல் காற்றில் குத்து. பிறகு 2 நிமிடம் குத்து, 1 நிமிடம் ஓய்வு, இப்படி ஆறு சுற்று. போட்டியில் இப்போது பெண்களுக்கும் ஆண்களைப் போல 3 நிமிடம் மூன்று சுற்று. நமக்கு அந்த அவசரம் இல்லை. புதிதாய்த் தொடங்குகிறவர்கள் அரை நிமிடம் குத்தி அரை நிமிடம் பேக்கைச் சுற்றிச் சும்மா நடக்கலாம். முழு பலத்தையும் போடாதீர்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே போதும். பலத்தைவிட சுற்று முடிகிற வரை கை தாடையை விட்டு இறங்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பேக் செய்யாத வேலை ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையால் கெடுதல்தான். குத்துவது முன்னோக்கித் தள்ளுகிற வேலை. நெஞ்சு, தோளின் முன்பகுதி, மேல்கையின் பின்பக்கத்து ட்ரைசெப்ஸ், அக்குளுக்குக் கீழே விலாவைப் பிடித்திருக்கும் தசை, இடுப்புப் பக்கவாட்டு, இவற்றுக்கெல்லாம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் நாள் பூராவும் குனிந்து தைக்கிறவள், கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர், ஸ்கூட்டர் ஓட்டுகிறவர், எல்லாருக்கும் நெஞ்சு ஏற்கனவே குறுகித் தோள் முன்னே விழுந்திருக்கும். அதன் மேல் வெறும் குத்தாகக் குத்தினால் இன்னும் கூன்தான் போடும். எனவே குத்துக்குச் சரிக்குச் சரி இழுப்பும் வேண்டும். எங்கள் வீட்டில் கிணறு இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது. டீச்சர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். குத்து முடிந்ததும் உருளையில் வாளி விட்டுத் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்புவேன். முதுகு நேராக, முழங்கையை விலாவை ஒட்டி இழுத்து. கிணறு இல்லாதவர்கள் ரப்பர் பேண்டை ஜன்னல் கம்பியில் கட்டி வயிற்றுப் பக்கம் இழுக்கலாம். முதலில் விட்டுப்போன கழுத்துவலிக்கு பேக் காரணமா, வாளி காரணமா என்று கேட்டால் நான் வாளிக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இஞ்ச் டேப் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வரும்போது கைச்சுற்றளவு 13. அரை இஞ்ச்தான் குறைந்தது, அதுவும் ராத்திரிச் சோற்றைக் குறைத்ததில்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன். ஆனால் பழைய ஜாக்கெட்டை மாட்டினால் வேறு கதை. கைப்பட்டி உருளாமல் படிந்து நின்றது. கை தூக்கினால் தொங்கின சதை பிடித்து நிற்கிறது. முதுகுப் பக்கம் தோள்பட்டை முன்னே வழுக்கி விழுவது நின்றது. அதற்காக என் அளவு நோட்டில் முதுகு அகலத்தை மாற்றி எழுத வேண்டி வந்தது. மெலிந்தேனா என்று கேட்டால் பெரிதாக இல்லை. துணி உட்கார்கிற விதம் மாறிவிட்டது, அது தையல்காரிக்குத் தெரியும். குற்றாலத்தில் படியேறினால் முன்னைப் போல் பாதியில் நின்று அருவியை ரசிப்பதுபோல் நடிக்க வேண்டியதில்லை.

எல்லாருக்கும் பேக் ஆகாது. விரல்கள் மரத்துப் போகிற தொந்தரவு தையல்காரர்களுக்கு சகஜம்; மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிற அந்தக் கோளாறு இருந்தால் குத்து அதைக் கூட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப் போவது மற்றவர்களைவிட அதிகம்; கை தலைக்கு மேல் போகவில்லை என்றால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். நாள்பட்ட சர்க்கரையில் விழித்திரை பாதித்திருந்தால் இப்படி அதிர்கிற பயிற்சி கண்ணுக்கு ஆபத்து. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்கள், நெஞ்சுவலி வந்தவர்கள், கர்ப்பிணிகள், டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கையுறை வாங்க வேண்டும். குத்திய மறுநாள் தசை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்துகிற வலி, விரல் மொளியில் வீக்கம், இவை வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கைக்கட்டுத் துணியை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும். கையுறையைத் துவைக்க முடியாது. முடிந்ததும் உள்ளே தினத்தாளைச் சுருட்டித் திணித்து விரித்து வையுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாரல் நாளில் வெயில் எட்டிப் பார்க்கும் அரைமணி நேரம் இருக்கும், அப்போது வெளியே வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வருகிற நாற்றத்துக்குக் கடைக்குக் கூட்டமே வராது.

இப்போது சாயங்காலங்களில் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் வந்து குத்துகிறார்கள். ஒருவர் என்னைவிட ஒரு சாண் குட்டை. பேக்கின் நடுப்பகுதி குத்துகிறவர் நெஞ்சுக்கு நேரே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்நோக்கிக் குத்தித் தோள் நோகும். அதனால் சங்கிலியில் நாலைந்து கண்ணி கூடுதலாக விட்டு ஒரு எஸ் கொக்கி போட்டிருக்கிறேன். அவர் வந்தால் இறக்கி மாட்டுவோம், நான் குத்தும்போது ஏற்றுவோம். மாட்டுகிற நேரத்தில் கொக்கி தேய்ந்திருக்கிறதா, ஆங்கர் போல்ட் நட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஸ்பேனர் வைத்து ஒரு திருகு திருகிப் பார்த்துவிடுவது, அந்தப் பொறுப்பு அத்தையின் மகனுடையது.